தொடாத அன்பு

நெதர்லாந்தின் ஆபெல்டோர்ன் நகரில், மரங்கள் அடர்ந்த பூங்கா ஒன்றுக்குள் இருக்கிறது ஆபன்ஹோல் என்ற குரங்குக் காட்சிச் சாலை. விம் மாகர் என்ற புகைப்படக்காரர் 1971இல் தொடங்கியது. அங்கே அணில் குரங்குகளுக்கும் நமக்கும் நடுவில் கம்பி கிடையாது. அவை திரியும் இடத்துக்குள் நாம் நடந்து போகிறோம். மகளை அழைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் ஒரே கேள்விதான் என்னை அரிக்கிறது: இந்தக் கம்பியை எடுத்தது யாருக்காக?

வாசலில் ஒரு பை கொடுப்பார்கள். தின்பண்டத்தையும் சாமான்களையும் அதற்குள் போட்டு இறுக மூடிக்கொள்ள வேண்டும். மூடினாலும் அவை விடுவதில்லை. கைப்பிடிக் கட்டையில் உட்கார்ந்திருந்த ஒரு குரங்கு, பக்கத்தில் நின்றவரின் தோள்பை ஜிப்பைச் சின்ன விரல்களால் பிடித்து நிதானமாக இழுத்ததைப் பார்த்தேன். அந்த மனிதர் பையை நகர்த்தவில்லை. ஆசையாக அதன் முதுகைத் தடவக் கை நீட்டினார். அது வாயைப் பிளந்து கீச்சிட்டுப் பின்வாங்கியது. சிரிக்கிறது என்று சொல்லிச் சுற்றி நின்றவர்கள் படம் எடுத்தார்கள். நல்ல மனிதர்கள்தான். அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

கெட்ட எண்ணம் இல்லாமலே துன்பம் கொடுக்க முடியும். நம் உதட்டோரம் வந்துபோகும் சாதாரணக் கொப்புளத்தின் கிருமி, மார்மொசெட் என்ற குட்டிக் குரங்கைக் கொன்றுவிடும். கொஞ்சலுக்கு அவ்வளவு விலை.

லண்டன் விலங்குக் காட்சிச் சாலையிலும் 2005இல் இப்படி ஓர் இடம் திறந்தார்கள். குரங்குகள் பார்வையாளர்களின் செல்போனைப் பறிக்கத் தொடங்கின. பழைய போன்களில் கசப்பைத் தடவிக் கொடுத்து அவற்றின் ஆசையை மறக்கடிக்க வேண்டியிருந்தது. போனை முகத்துக்கு நேரே நீட்டியவர் மனிதர், கசப்பைச் சுவைத்தது குரங்கு. வினை ஒருவருடையது, பயன் இன்னொருவருக்கு என்றால் அது எந்தக் கணக்கில் சேரும்? கடிக்கப் பழகிய குரங்கை அதன் கூட்டத்திலிருந்து பிரிக்க நேர்ந்தாலும் இதே கேள்விதான்.

வள்ளுவர் கொல்லாமைக்கு முன்னால் இன்னா செய்யாமை என்று தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். கொல்லாமல் இருப்பதோடு நம் கடமை முடிந்துவிடவில்லை என்றே அந்த வரிசையை நான் எடுத்துக்கொள்கிறேன். ஓர் உயிர் நம்மிடம் வர வேண்டும், நம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஏங்குவது அன்பு போலத்தான் தோன்றும். ஆனால் அதில் பாதிக்கு மேல் பற்று. விலகிப் போகவும் அந்த உயிருக்கு இடம் இருந்தால்தான் அது நம்மிடம் வந்ததற்கு அர்த்தம் உண்டு.

இந்த இடங்களை மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓர் உயிரைப் பார்க்க என் மகள் பழகியது அங்கேதான். ஆனால் மனிதர் நடக்கும் பாதையே எட்டாத மரங்கள் குரங்குகளுக்கு நிறைய வேண்டும். ஒரு நேரத்தில் உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அதற்காக டிக்கெட் விலையை ஏற்றினாலும், வெளியே காத்திருக்கச் சொன்னாலும் எனக்குச் சம்மதம்.