திரைக்குப் பின் தெய்வம்

தன் தெய்வத்தைப் பிறிதொரு தெய்வத்தின் உருவில் மறைத்து வழிபடுகிறவன் பொய்யனா, பற்றாளனா? பிரேசில் நாட்டுப் பகியா மாநிலத்தின் கறுப்பின மக்கள் போற்றும் 'கண்டோம்பிளே' சமயத்தைப் பற்றிப் படித்த நாள்தொட்டு இவ்வினா நம்மை விடுவதாயில்லை.

ஆப்பிரிக்காவினின்று ஏறத்தாழ 48 இலட்சம் பேர் அடிமைகளாய்ப் பிரேசிலில் இறக்கப்பட்டனர். அவர்களுக்குத் திருமுழுக்களித்துப் புதுப் பெயரும் சூட்டினர். எனினும் அவர்களுள் யொரூபா இனத்தார், 'ஒரிஷா' எனும் தம் தெய்வங்களைக் கைவிட்டாரில்லை. மின்னலினின்று காப்பவர் எனக் கத்தோலிக்கர் நம்பும் புனித பார்பராவிடம், புயலுக்கும் மின்னலுக்கும் உரிய தம் இயன்சாவைக் கண்டனர். ஆண்டையின் கண்ணுக்கு அவ்வுருவம் ஒன்று. அடிமையின் கண்ணுக்கு வேறொன்று. இப்பொருத்தத்தை நோக்குங்கால், ஆண்டைகள் அடிமைகளின் சமயத்தை அறிந்ததைவிட அடிமைகள் ஆண்டைகளின் சமயத்தை நன்கறிந்திருந்தனர் என்றே தோன்றுகிறது.

1888-இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆயின் அச்சம் ஒழியவில்லை. காவலர் புகுந்து முரசங்களைப் பறித்துச் சென்ற காலமும் உண்டு. பகியாவில் இவ்வழிபாட்டு மனைகள் 1976 வரை காவல் துறையில் பதிந்துகொள்ள வேண்டியிருந்தன. பதிவேட்டில் பெயர் ஏறுவதைப் பெருமையென எண்ணிப் பழகிய எழுத்தராகிய நமக்கு இதைப் படிக்கையில் நெஞ்சு கூசிற்று.

1983-இல் அன்னை ஸ்தெல்லா முதலிய தலைவியர் சிலர், அடிமைக் காலத்துத் திரை இனி வேண்டா என அறிக்கை விடுத்தனர். தம் சமயம் எதனுடைய நிழலுமன்று என்பது அவர்தம் துணிபு. அது நேரிய துணிபே. அஞ்சிப் பூண்ட வேடத்தை அச்சம் நீங்கியபின் களைவதில் பிழையென்ன?

ஆனால் முப்பாட்டிக்குத் திரையாயிருந்த பார்பரா, கொள்ளுப் பேர்த்திக்குத் தாயாகவே ஆகிவிட்டாள். அவளை விடு என்று சொல்ல எவர்க்கு உரிமை? பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு பிழைப்புக்காகப் பிறவூர் வந்த நாம், விலங்கிடப்பட்டு வந்தோர் வழியினர்க்குத் தீர்ப்புரைக்கத் தயங்குகிறோம். ஆயினும் பற்றில் பொய் என்பது உள்ளத்தில் இல்லாததை உதட்டில் சொல்வது. இவர்கள் உள்ளத்திலோ இருவரும் இருக்கின்றனர்.

ஆண்டுதோறும் டிசம்பர் 4-ஆம் நாள் சால்வதோர் நகரத் தெருக்களில் செவ்வாடை புனைந்த மக்கள் பார்பராவின் திருவுருவத்துடன் ஊர்வலம் வருகின்றனர். செந்நிறம் இயன்சாவுக்கு உகந்தது. அன்றைய விருந்தில் வெண்டைக்காயும் உலர்ந்த இறாலும் செம்பனை எண்ணெயில் வெந்த 'கருரு' பரிமாறப்படுகிறது. அதுவும் அவளுக்கு உகந்ததே.