ஓடிவந்தவனைத் திருப்பி அனுப்பலாமா?



போன மாதம் உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு சகோதரன் என்னைத் தனியே கூப்பிட்டார். செங்கல் சூளையிலிருந்து ஓடிவந்த தங்கச்சி மகனை வீட்டில் வைத்திருக்கிறார். முன்பணத்தைச் சொல்லி மேஸ்திரி வாசலில் வந்து நிற்கிறான். "பாஸ்டர், அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு ரோமர் 13 சொல்லுதே. இவனை ஒளிச்சு வைக்கிறது பாவமில்லையா?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

இது பழைய கேள்விதான். தப்பியோடிய அடிமையைப் பிடித்து எஜமானிடம் ஒப்படைக்க 1850-ல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. ஒளித்து வைத்தவருக்கு அபராதம், சிறை. ரோமர் 13-ஐயும், பவுல் ஒநேசிமுவைத் திருப்பி அனுப்பினதையும் காட்டி அதை ஆதரித்த ஊழியர்கள் இருந்தார்கள். எதிர்த்தவர்கள் உபாகமம் 23:15-ஐத் திறந்தார்கள். தப்பிவந்த அடிமையை எஜமான் கையில் கொடுக்காதே என்று அங்கே தேவனே கட்டளையிடுகிறார்.

அவ்வளவு தூரம் போவானேன்? இலங்கை அகதிகள் இருக்கிற மண்டபம் கேம்ப் நமக்குத் தெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலி ஜனங்களை அங்கேதான் தங்கவைத்து அனுப்பினார்கள். தோட்டத்தில் கங்காணியிடம் கடன். இன்ன கடனைக் கட்டினால் இவர்களை விடுவேன் என்று துரை எழுதித் தருகிற 'துண்டு' இல்லாமல் வேறு தோட்டம் போக முடியாது. சொல்லாமல் ஓடினவனுக்குச் சிறை. 1921-ல்தான் துண்டு ஒழிந்தது. அதுவரை எல்லாம் சட்டப்படிதான் நடந்தது.

பவுலும் ஒரு துண்டு எழுதினார். ஆனால் பிலேமோன் 16-ஐயும் 18-ஐயும் வாசியுங்கள். இனி அவன் அடிமையல்ல, பிரியமான சகோதரன். அவன் கடன் ஏதாவது இருந்தால் அது பவுலின் கணக்கில். அந்தப் பிரசங்கிமார் இந்த வசனத்தை எப்படித் தாண்டிப் போனார்களோ!

எனக்குப் பட்டதைச் சொல்லுகிறேன். சட்டம் என் தோளில் வைக்கிற பாரத்தை நான் சுமக்கலாம். பிறன் கழுத்தில் நுகம் மாட்ட என் கையைக் கேட்டால் கொடுக்கக்கூடாது. சிப்பிராளும் பூவாளும் பார்வோனுக்குக் கொடுக்கவில்லை. அதற்காக வருகிற தண்டனைக்கும் ஆயத்தமாயிருக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

நம்ம சகோதரனுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இப்படிப்பட்ட கடனையே ரத்து செய்துவிட்டது. சட்டத்தை மீறுகிறவன் மேஸ்திரிதான்.

மறுநாள் பையனைக் கூட்டிக்கொண்டு ராமநாதபுரம் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனோம். பஸ்ஸில் அவன் ஜன்னலுக்குக் கீழே குனிந்தே வந்தான். அவன் தாய் இன்னும் சூளையில்தான் இருக்கிறாள். ஜெபித்துக்கொள்ளுங்கள்.