திறன் ஆட்டமாம்!

'சூதாட்டம்' என்று சொன்னால் முகம் சுளிக்கிறார்கள். 'திறன் ஆட்டம்' என்று சொல்லிவிட்டாலோ முறுவல் பூக்கிறார்கள்! பெயர் மாறியதும் பழி பறந்துவிடுகிறது. இணையவழிப் போக்கர் பற்றி ஆண்டுக்கணக்கில் நடைபெற்ற வழக்குகளெல்லாம் இந்த ஒரு கேள்வியைச் சுற்றியே சுழன்றன: இது திறமையால் வெல்லும் ஆட்டமா, தற்செயலால் வெல்லும் ஆட்டமா? தமிழ்நாட்டு அரசு 2021இல் கொண்டுவந்த தடையை அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. 2022ஆம் ஆண்டுச் சட்டத்தை 2023 நவம்பர் 9ஆம் நாள் ஏற்றபோதும், ரம்மியும் போக்கரும் திறன் ஆட்டங்கள், அவற்றைத் தடை தீண்டாது என்று விலக்கிவைத்தது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறனா தற்செயலா என்ற வேறுபாட்டையே ஒதுக்கிவிட்டு, பணம் வைத்து ஆடும் இணையவழி ஆட்டம் எதுவாயினும் கூடாது என்று சட்டம் இயற்றியது.

சட்டம் தன் வழியே செல்லட்டும். நான் கேட்பது வேறு. திறமையால் வெல்லும் ஆட்டம் என்று மெய்ப்பித்துவிட்டால், அந்த ஒரு காரணத்தால் அது தூய்மை பெற்றுவிடுமா?

குறைகூறுமுன் கற்றுப் பார் என்பது பகுத்தறிவின் அரிச்சுவடி. கற்றேன், நண்பர்களே! 2024 கோடை விடுமுறையில், கல்லூரி நாட்களில் என்னோடு ஒரே அறையில் வாழ்ந்த நண்பன் வீட்டிலே பத்து நாள் தங்கினேன். போக்கர் ஆடிப் பொருள் ஈட்டியவன் அவன். நானோ கலைப் பட்டதாரி. எண்ணைக் கண்டால் எட்ட நிற்பவன். பணமின்றி வெறும் காய் வைத்து ஆடும் பலகையிலே என்னை அமர்த்திப் பாடம் தொடங்கினான்.

ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. நடுவிலே எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, படிப்படியாகத் திறக்கப்படும். ஒவ்வொரு படியிலும் பணம் வைக்கலாம், ஏற்றலாம், சீட்டை வீசிவிட்டு விலகலாம். ஒன்றுமில்லாக் கையை வைத்துக்கொண்டு உள்ளதுபோல் மிரட்டவும் செய்யலாம். அது பொய்யல்லவா என்பீர்கள். எல்லோரும் அறிந்து ஒப்பிய பொய் அது. அதைப் பற்றி எனக்கு வழக்கில்லை.

வியப்பு எங்கே பிறந்தது தெரியுமா? கணக்கிலே! ஒரே இனத்துச் சீட்டு நான்கு சேர்ந்துவிட்டன, ஐந்தாவது வேண்டும், இன்னும் ஒரே சீட்டுதான் திறக்க வேண்டும் என்று வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத சீட்டுகள் 46. அவற்றில் நமக்கு உதவுவன 9. நடுவே குவிந்திருப்பது 500 ரூபாய். தொடர 100 ரூபாய் கேட்டால் கொடுக்கலாம்; 200 கேட்டால் விலக வேண்டும். "இன்றைக்கு என் நேரம் எப்படி?" என்று பஞ்சாங்கம் பார்க்க இங்கே இடமில்லை, வகுத்துப் பார்த்தால் விடை வருகிறது!

இன்னொன்றும் சொன்னான். கையில் இரண்டு ஏஸ், எதிரியிடம் இரண்டு ராஜா, முழுப்பணமும் நடுவில் போய்விட்டது என்றால் ஏஸ் வைத்திருப்பவன் நூற்றுக்கு ஏறக்குறைய 82 முறை வெல்வான். மிச்சம் 18 முறை தோற்பான். அப்படித் தோற்ற நாளில் தலையெழுத்தை நொந்துகொள்பவன் மூடன்; முடிவு சரியானதா என்று மட்டும் பார்ப்பவன் ஆட்டக்காரன். விளைவை வைத்து முடிவை எடை போடாதே என்றான். விதி விதி என்று வீழ்ந்து கிடக்கும் நாட்டிலே இந்தப் பாடத்தை எந்தப் பள்ளியிலே சொல்லித் தருகிறோம்? ஆசிரியனாகிய நான் வெட்கப்பட்டேன். 2017இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலே லிப்ராட்டஸ் என்ற கணினி, தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரோடு 1,20,000 ஆட்டம் ஆடி வென்றது. கணினிக்கு ஏது நல்ல நேரம்? ஆகவே திறன் ஆட்டம் என்பது உண்மை. ஐயமில்லை.

ஆட்டம் இருவகை. போட்டி ஆட்டத்திலே நுழைவுக் கட்டணம் ஒருமுறை. காய்கள் தீர்ந்தால் வெளியே. 2003இல் டென்னசியைச் சேர்ந்த கணக்கர் கிறிஸ் மணிமேக்கர், 86 டாலர் கட்டி இணையத்தில் ஆடிய சிறு போட்டியின் வழியாக உலகத் தொடரின் முதன்மைப் போட்டிக்குப் போய் 25 லட்சம் டாலர் வென்றார். அவ்வாண்டு அங்கே ஆடியவர் 839 பேர். மறு ஆண்டு 2,576 பேர்! அவர் பெயர் ஊரெல்லாம் பரவிற்று. வெறுங்கையோடு திரும்பியவர் பெயரை யார் கேட்டார்? எனினும் போட்டியிலே இழப்புக்கு ஒரு வரம்பு உண்டு. ரொக்க ஆட்டத்திலே அதுவும் இல்லை. காய் ஒவ்வொன்றும் காசு. தீர்ந்தால் மீண்டும் போடலாம். அதுவும் தீர்ந்தால் மீண்டும். ஒவ்வொரு குவியலிலிருந்தும் ஆட்டம் நடத்துபவனுக்கு ஒரு பங்கு. பல இடங்களில் நூற்றுக்கு ஐந்து வரை. மேசையிலே புதிதாக எதுவும் விளைவதில்லை. ஒருவன் பெறுவது இன்னொருவன் இழந்ததே, அதிலும் பங்கு போக!

ஏழாம் நாள் இரவு நண்பன் ரொக்க ஆட்டம் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு பேர் மேசை. அவர்களில் ஒருவன் எல்லாச் சீட்டையும் ஆடினான், எதையும் வீசவில்லை. நள்ளிரவு கடந்தபின் மூன்று முறை பணம் போட்டான். "மற்ற நால்வரும் என்னைப் போன்றவர்கள், இவனுக்காகத்தான் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறோம்" என்றான் நண்பன். அவன் யார், எந்த ஊர், நாளை காலை யாருக்கு என்ன பதில் சொல்வான், எதுவும் தெரியாது; திரையிலே ஒரு புனைபெயர், அவ்வளவே. இரண்டு மணிக்கு அந்தப் பெயர் மறைந்தது. நொடிப்பொழுதில் ஐவரும் எழுந்துவிட்டனர். மேசை வெறிச்சோடியது!

ஆட்டக்காரர் மொழியிலே அப்படிப்பட்டவனுக்கு 'மீன்' என்று பெயராம். வள்ளுவரும் சூது அதிகாரத்திலே மீனைத்தான் உவமை காட்டினார். ஆனால் அவர் மீன் என்றது தோற்றவனையல்ல; தூண்டிலில் வைத்த இரையை வெற்றியென எண்ணி விழுங்கியவனை! பகலில் உறங்கி இரவெல்லாம் விழித்திருக்கும் என் நண்பனின் சிவந்த கண்களைப் பார்த்தபோது அது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

இப்போது கேட்கிறேன். தற்செயல் ஒன்றே ஆளும் ஆட்டத்தில் இருவரும் சமம், இருவரும் குருடர். திறமை புகுந்ததும் என்ன ஆகிறது? தெரிந்தவன் ஒருவன், தெரியாதவன் ஒருவன். தெரியாமையே தெரிந்தவனுக்கு வருவாய்! எதை விடுதலைக்குச் சான்றாகக் காட்டுகிறார்களோ, அதுவன்றோ குற்றத்தின் கனத்தைக் கூட்டுகிறது? பாரதக் கதையிலே சகுனி ஆடியது திறன் ஆட்டம். தருமன் ஆடியதோ நம்பிக்கை ஆட்டம். சகுனியின் கைத்திறனைச் சொல்லி அவனைப் போற்றியவர் உண்டோ?

"ஒப்புக்கொண்டுதானே உட்கார்ந்தான்?" என்பார்கள். எதற்கு ஒப்புக்கொண்டான்? இன்றைக்கு என் கை ஏறும் என்று நம்பி அமர்ந்தான். தான் தோற்றால்தான் மற்றவர்க்கு அது தொழில் என்று அறிந்திருந்தால் அமர்ந்திருப்பானா? ஒரே மேசையில் இரண்டு வேறு ஆட்டங்கள் நடந்தன. சினிமாவுக்குச் செலவிடுவதுபோல் இவ்வளவு போனால் போகட்டும் என்று அறிந்தே ஆடுபவனும் உண்டு. அவன் ஆடட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. வழக்கறிஞரும் வணிகரும் திறமையால்தானே பிழைக்கிறார்கள் என்றும் கேட்கலாம். வழக்கறிஞர் கட்சிக்காரனுக்குப் பேசுகிறார். வணிகர் துணியோ அரிசியோ தருகிறார். மல்லனிடம் தோற்றவன் மாலையைத்தான் இழந்தான், வீட்டு வாடகையை அல்ல.

புறப்படும் நாள் கேட்டேன்: "எனக்குச் சொல்லித் தந்ததை அந்த மனிதனுக்கும் சொல்லித் தருவாயா?"

சிரித்தான். "நீ வாத்தியார், பாடம் சொன்னால் உனக்குச் சம்பளம். நான் பாடம் சொன்னால் எனக்குப் பட்டினி."

நான் வாயடைத்துப் போனேன். அவன் கெட்டவன் அல்லன். என் பேருந்துக் கட்டணத்தை அவன்தான் கொடுத்தான்; யாருடைய பணமோ என்று எண்ணிக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

2025க்குப் பிறகு அவன் வேறு வேலை தேடுகிறான். எங்கள் ஊரிலே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நிகழ்தகவு வரவில்லை. எனக்கும் சொல்லித்தர வராது. சீட்டுக்கட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து மாலை வகுப்பு நடத்து, கையில் பெரிதாக எதுவும் தர இயலாது என்று கடிதம் எழுதியிருக்கிறேன். மறுமொழி இன்னும் வரவில்லை.