ஆயுட்காலப் பசி

உயிர்களை எண்ணிப் பார்த்துப் பாவ புண்ணியத்தைக் கணக்கிட முடியுமா?

ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் நண்பர், வீட்டுக் கூடத்தில் பவளப்பாறைத் தொட்டி வைத்திருக்கிறார். சென்னைக் கடலோ ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு அப்பால். தொட்டியில் நீலமும் ஆரஞ்சும் குழைத்த மாண்டரின் மீன். பசிபிக் கடலில் பிறந்த ஜாதி. உலர்ந்த தீனியைப் பெரும்பாலும் சீந்தாது. பாறையில் ஊரும் கோப்பிபாட் என்ற, கடுகினும் சிறிய உயிர்களை நாளெல்லாம் பொறுக்கித் தின்னும். அவற்றை வளர்க்க ஜாடிகளில் பச்சைப் பாசிநீர். மாறுதலுக்கு ஆர்ட்டீமியா; அதன் உலர்ந்த முட்டைகளை உப்புநீரில் இட்டுக் காற்றூதினால், ஒரு நாளில் குஞ்சுகள் பொரிந்துவிடும்.

"ஒண்ணைக் காப்பாத்த ஆயிரத்தைக் கொல்றியேடா!" என்று அவருடைய தாயார் குறைப்படுகிறார். கடலிலும் அந்த மீன் இதைத்தானே தின்றது என்பது மகனின் பதில்.

இருவர் சொல்வதும் மெய்தான். ஆனால் கடலில் பசித்ததும் மீன், இரை தேடியதும் மீன். இங்கே பசி மட்டுமே அதனுடையது. தேடும் கடமை நம்முடையது. அதன் இயல்பை அடம் என்கிறோம். அடம் பிடித்தது, கடலின் அழகைக் கூடத்தில் வைத்துப் பார்க்க நினைத்த நம் ஆசையல்லவா?

தீனி போடும் கையை நான் குற்றம் சொல்லமாட்டேன். பட்டினி போடுவது அதைவிடப் பெரிய பாவம். நியாயம் பேச வேண்டிய வேளை, மீனுக்கு விலை பேசிய வேளை. அதன் ஆயுட்காலப் பசியையும் அன்றே சேர்த்து வாங்கியாயிற்று.