பசியும் பழியும்

மீனாட்சி கல்யாணத்து விருந்தையெல்லாம் உண்டும் பசி தணியாமல் துடித்தான் குண்டோதரன். அவன் தாகம் தீர்க்கவே மதுரையில் வைகை பெருகிற்று என்பது திருவிளையாடல் கதை. அவனை யாரும் பழிக்கவில்லை; அது இறைவன் மூட்டிய பசி.

இன்று பருத்த உடம்புக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை. 'நாக்கைக் கட்டத் தெரியாதவர்' என்று மாசி வீதிக் கல்யாணப் பந்திகளில் பேசக் கேட்டிருக்கிறேன்.

ஆனால் பசியை ஆள்வது வயிறு மட்டுமன்று, மூளையும்தான். அங்கே ஹைபோதலமஸ் என்ற சிறு பகுதியில் ஒரு நரம்புக் கூட்டம் 'உண்' என்று தூண்டுகிறது. இன்னொன்று 'போதும்' என்று தடுக்கிறது. உண்டதும் குடலில் சுரக்கும் ஒரு ஹார்மோனைப் போன்ற மருந்து செமாகுளுடைட். வாரம் ஒருமுறை ஊசியாகப் போட்டால் 'போதும்' என்ற குரல் வலுக்கிறது. நிறுத்தினால் பெரும்பாலும் பசி திரும்பிவிடுகிறது.

இத்தகைய மருந்துகளை நான் கண்மூடிப் போற்றவில்லை. முன்பு பசியடக்க வந்த சிபுட்ரமின், இதயத்துக்குக் கேடென்று 2011-இல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. என் கேள்வி வேறு. ஓர் ஊசியால் ஒருவருக்கு அடக்கம் வந்துவிடுமானால், நேற்று அவரிடம் குறைந்திருந்தது ஒழுக்கந்தானா? அளவோடு உண்கிறேன் என்று நான் கொள்ளும் பெருமையும் என் மூளை இட்ட பிச்சையாக இருக்கலாமே!

முயற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. எல்லார் தலையிலும் சுமை ஒன்றன்று. அடுத்தவர் இலையைப் பார்த்து அவர் குணத்துக்குத் தீர்ப்பு எழுத நாம் யார்?