அவள் பேசாமல் இருந்த நேரம்

பெற்றோரில்லாத, ஓயாமல் கற்பனை செய்கிற சிறுமிகளைப் பற்றிய பழைய நாவல்கள் நம்மை ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன? பிரான்சிஸ் ஹாட்சன் பர்னெட்டின் ‘எ லிட்டில் பிரின்சஸ்’ 1905இல் வந்தது. எல். எம். மான்ட்கோமரியின் ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ 1908இல் வந்தது. நூறாண்டுகள் கடந்த பிறகும் பெண்கள் இவற்றைத் தம் மகள்களுக்கும் தங்கைகளுக்கும் எடுத்துக் கொடுக்கிறார்கள். நானும் கொடுத்திருக்கிறேன்.

இந்தச் சிறுமிகள் சுதந்திரமானவர்கள், அதனால்தான் நமக்குப் பிடிக்கிறது என்று பலரும் சொல்வார்கள். அதட்ட அப்பா இல்லை, அடக்கஒடுக்கம் கற்றுத்தர அம்மா இல்லை. ஆகவே இஷ்டம்போல் பேசவும் கனவு காணவும் முடிகிறதாம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆன் ஷெர்லி பிறந்த மூன்று மாதத்தில் பெற்றோரை இழந்தவள். அதன்பின் இரண்டு வீடுகளில் பிள்ளை பார்த்துக்கொள்ளும் வேலைக்காரியாகவே வளர்கிறாள். இரண்டாவது வீட்டில் எட்டுக் குழந்தைகள்; அவர்களில் மூன்று ஜோடி இரட்டையர். இவ்வளவும் பதினொரு வயதுக்குள். அலமாரிக் கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்துக்கு ஒரு பெயர் வைத்துத் தோழியாக்கிக்கொள்கிறாள். பள்ளத்தாக்கில் கேட்கும் எதிரொலிக்கு இன்னொரு பெயர். இந்தக் கற்பனை சுதந்திரத்தில் விளைந்ததல்ல. உழைப்பையும் நேரத்தையும் அடுத்தவர்கள் எடுத்துக்கொண்ட பிறகு அவளிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். அடுப்படியில் நின்றபடியே மனசுக்குள் வேறெங்கோ வாழ்ந்த பெண்களுக்கு இது விளக்காமலே புரியும். நம் ஈர்ப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்த ஈர்ப்போடு ஒரு சங்கடமும் சேர்ந்தே வருகிறது. கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில், வயதான மாத்யூவும் அவர் தங்கை மரில்லாவும் பண்ணை வேலைக்கு ஒத்தாசையாக ஒரு பையனைக் கேட்டிருக்கிறார்கள். ஆள் மாறி ஆன் வந்து சேர்கிறாள். ரயிலடியிலிருந்து வீடு வருவதற்குள் அவள் பேச்சு மாத்யூவின் மனதைக் கவர்ந்துவிடுகிறது. இப்படிப் படிக்கும்போது, அவளுடைய கற்பனை அவள் தங்குவதற்குக் கொடுக்கும் வாடகை போலாகிவிடுகிறது. பேசத் தெரியாத, சிடுமூஞ்சியான, எந்த விசேஷமும் இல்லாத ஒரு சிறுமி அந்த வண்டியில் வந்திருந்தால்? அவளுக்கும் அந்த வீட்டில் இடம் கிடைத்திருக்குமா?

இது வெறும் கதைக் கேள்வி அல்ல. 1869க்கும் 1932க்கும் இடையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குழந்தைகள் பிரிட்டனிலிருந்து கனடாவுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். பையன்கள் பண்ணை வேலைக்கு, பெண்கள் வீட்டு வேலைக்கு. பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பிவிடலாம். மரில்லாவே அப்படிப்பட்ட பையன் வேண்டாம், கனடாவில் பிறந்தவனே வேண்டும் என்று சொன்னவள்தான். 2010இல் பிரிட்டிஷ் பிரதமர் கார்டன் பிரவுன் இந்தக் குழந்தைகளிடம் அரசின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். அவர்களில் எத்தனை பேருக்கு ஆனின் நாவன்மை வாய்த்திருக்கும்?

பர்னெட்டின் நாவலில் இந்தக் கேள்விக்கு ஒரு முகமே இருக்கிறது: பெக்கி. தந்தை இறந்து, பணமும் போய்விட்டது என்றதும் ஸாரா விடுதிப் பள்ளியின் மாடியறைக்குத் துரத்தப்படுகிறாள். அடுத்த அறையில் ஏற்கெனவே இருப்பவள் பாத்திரம் தேய்க்கும் பெக்கி. இருவருக்கும் ஒரே குளிர், ஒரே பசி. ஸாரா கதை சொல்கிறாள், பெக்கி கேட்கிறாள். கடைசியில் இந்தியாவின் வைரச் சுரங்கத்திலிருந்து வந்த செல்வம் ஸாராவுக்குத் திரும்பக் கிடைக்கிறது. அவளுக்கு ஒரு வீடும் தந்தையைப் போல ஒருவரும் கிடைக்கிறார்கள். பெக்கிக்குக் கிடைப்பது ஸாராவின் பணிப்பெண் வேலை. அவள் அதில் மகிழ்வதாகவே நாவல் காட்டுகிறது. அவளும் மாடியறையில் கிடந்த சிறுமிதானே என்பது ஆசிரியைக்கும் உறைக்கவில்லை, பல வாசகிகளுக்கும் உறைப்பதில்லை. பெக்கிக்குச் சொல்ல ஒரு கதை இல்லாததால், அவளுக்கு ஒரு வீடு வேண்டும் என்ற எண்ணமே நமக்கு எழவில்லை.

ஆனைப் பற்றிய நாவலில் இதற்கு மாற்றான ஓர் இடம் இருக்கிறது. ஆனைத் திருப்பிக் கொடுக்க மரில்லா வண்டியில் அழைத்துப் போகிறாள். வழியில் அவளுடைய முன்கதையைக் கேட்கிறாள். கற்பனையெல்லாம் வேண்டாம், நடந்ததை மட்டும் சொல் என்கிறாள். ஆன் அப்படியே சொல்கிறாள். அன்பில்லாமல், உழைத்துக்கொண்டே கழிந்த குழந்தைப் பருவம் மரில்லாவுக்குப் புரிகிறது. போய்ச் சேர்ந்த வீட்டில், பிள்ளை பார்க்க ஆள் தேடும் கடுமையான ஒரு பெண்மணி ஆனை வேலைக்கு எடுத்துக்கொள்ளத் தயாராக நிற்கிறாள். ஆன் பேச்சற்று வெளிறிப் போகிறாள். அந்த முகத்தைப் பார்த்த மரில்லாவால் அவளைக் கொடுத்துவிட முடியவில்லை. வீட்டுக்குத் திரும்ப அழைத்து வருகிறாள். கதையின் மிக முக்கியமான முடிவு, ஆனின் கற்பனை ஒன்றும் செய்யாத நேரத்தில் எடுக்கப்படுகிறது. அவள் திறமைசாலி என்பதற்காக அல்ல, அவளுக்குப் போக்கிடம் இல்லை என்பதற்காக.

நூலை மூடிய பிறகு நமக்கு ஆனின் பேச்சு நினைவிருக்கிறது, இந்த மௌனம் மறந்துபோகிறது. அதில் வியப்பில்லை. படித்தால்தான், முதல் மதிப்பெண் வாங்கினால்தான், கலகலப்பாக இருந்தால்தான் உனக்கு மதிப்பு என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். இடத்தைச் சம்பாதித்த சிறுமியின் கதை நமக்கு நம்பிக்கை தருகிறது. அந்த நம்பிக்கையை நான் குறைத்துச் சொல்லவில்லை. எனக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு குழந்தைக்குக் கூரையும் சோறும் பரிவும் பரிசாகக் கிடைக்க வேண்டியவை அல்ல. கெட்டிக்காரிக்கு மட்டும் திறக்கும் கதவை நாம் கொண்டாடும்போது, பெக்கியை மறுபடியும் வெளியே நிறுத்திவிடுகிறோம்.

இப்போதெல்லாம் இந்த நாவல்களை மாணவிகளுக்குக் கொடுக்கும்போது, மரில்லா வண்டியைத் திருப்பிக்கொண்டு வரும் அந்த அத்தியாயத்தைச் சற்று நிதானமாகப் படிக்கச் சொல்கிறேன். பிறகு பெக்கிக்கு என்ன கிடைத்திருக்க வேண்டும் என்று கேட்கிறேன்.