மூன்றாமவரின் தீர்ப்பு

கணினிக்குத் தமிழ் கற்பிக்கும் வேலையொன்றில் சில மாதங்கள் இருந்தேன். வசனங்களைத் தருவார்கள். குறித்த சொல் அங்கே எந்தப் பொருளில் வருகிறது என்று இருவர் தனித்தனியே அடையாளமிட வேண்டும். முரண்பட்டால் மூன்றாமவர் தீர்க்க வேண்டும். அந்த மூன்றாமவர் நான்.

ஒருநாள் வந்த வசனம் இது: 'மூத்தவன் பள்ளியால வந்து சோறு கேட்டான்.' யாழ்ப்பாணத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் 'பாடசாலை' என்றார். அக்கரைப்பற்று யுவதியோ 'பள்ளிவாசல்' என்று அடையாளமிட்டிருந்தாள். நம் வீடுகளில் பள்ளி என்றால் தொழுகைக்குரிய இடம். படிக்கப் போவது ஸ்கூலுக்கு. சமணர் உறைவிடத்துக்கும் உறங்குமிடத்துக்கும்கூட ஒரு காலத்தில் இதே சொல் வழங்கியது. ஆகவே யாருடைய பள்ளி மூத்தது என்று வழக்காடுவது வீண்.

விதிப்படி இருவரையும் பேசவிட்டேன். இரண்டு நிமிடமும் ஆகவில்லை. "சேர் சொன்னா சரியாத்தான் இரிக்கும்" என்று அந்தப் பிள்ளை விட்டுக்கொடுத்துவிட்டாள். பதிவில் அது 'உடன்பாடு'. நித்திரை வரவில்லை என்றால் மிகை, ஆனால் உறுத்தியது. அவள் காட்டியது மரியாதை. மரியாதையை மொழியறிவென்று கணினிக்கு ஊட்டலாமா?

உடன்பாட்டை அளக்கக் கணக்கு உண்டு. 1960இல் ஜேக்கப் கோஹன் தந்த கப்பா அளவு, தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிடும். இரண்டே பொருள்கள், இருவரும் பாதிக்குப் பாதி குறித்தார்கள் என்றால், 80 வீதம் ஒத்துப்போனாலும் கப்பா 0.6 தான். நல்ல கணக்கு. ஆனால் அது பார்ப்பது தனித்தனியே இட்ட அடையாளங்களை. பிறகு நடக்கும் விட்டுக்கொடுப்பு அதன் கண்ணில் படாது.

அமெரிக்காவின் ஒன்டோநோட்ஸ் திட்டத்தில் உடன்பாடு 90 வீதத்தை எட்டாவிட்டால் சொல்லின் பொருட்பிரிவுகளையே திருத்தி மீண்டும் அடையாளமிட வைத்தார்கள். நுணுக்கமான பிரிவுகளுக்கு அது பொருந்தும். பாடசாலையையும் பள்ளிவாசலையும் எப்படி ஒன்றாக்குவது?

முன்பின் வசனங்களைக் கேட்டு வாங்கினேன். உம்மா ஏசுகிறாள், சோறு ஆறிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். உம்மா என்பதால் வீடு நம்மவர் வீடு. ஆனால் நம் பிள்ளைகளும் ஸ்கூலால் வந்துதான் சோறு கேட்கிறார்கள். எழுதியவர் ஏட்டுத்தமிழைக் கலந்திருக்கவும் கூடும். 'பள்ளிவாசல்' என்று எழுதக் கை போனது. அது நடுவரின் கையா, அந்தப் பிள்ளையின் ஊர்ப்பேச்சில் வளர்ந்தவனின் கையா?

படிவத்தில் ஒரு கட்டம்தான் இருந்தது. அதை வெறுமையாக விட்டு, குறிப்புப் பகுதியில் இரண்டு பொருளையும், அவள் விட்டுக்கொடுத்த விதத்தையும் எழுதினேன். கணினி அதை வாசிக்காது என்றார் பொறுப்பாளர். உண்மைதான்.

ஆசிரியர் வாசித்தார். மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, இனி என்ர பேரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. ஆரெண்டு தெரியாட்டில் அவ வடிவாக் கதைப்பா."